பெயர் ஒட்டிய வீடு

ரிக் வண்டியில் மேனேஜராக இருப்பவனுக்கு வேலையே சந்தேகப்படுவதுதான். ஆழ்துளைக் கிணறு போடும்போது பூமிக்குள் இறங்கும் ஒரு ராடு இருபது அடி. எத்தனை ராடு இறங்கியது என்று நான் வண்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு போடுவேன். அடிக்கணக்கில் கூலி கொடுக்க வேண்டிய தோட்டக்காரர் என் கோட்டை நம்பாமல் ராடுக்கு ஒரு கல்லாகப் பொறுக்கி வரப்பில் வரிசையாக வைப்பார். நான் அசந்த நேரத்தில் அவர் ஒரு கல்லை எடுத்துவிடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பதினான்கு வருடமாக மத்தியப் பிரதேசத்துக் கரிசல் காடுகளில் இதுதான் என் பிழைப்பு. ஊருக்கு வந்ததும் இந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி விட முடிகிறதா என்ன?

வடக்கே மழை பிடித்துவிட்டால் வண்டி நகராது. சேற்றில் இறங்கினால் எடுக்க முடியாது. போன ஆடியிலும் அப்படித்தான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சேலத்தில் ரயில் இறங்கி, சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டுக்கு பஸ் பிடித்தேன். பொங்கல் முடிந்து கிளம்பியவன், ஆறு மாதம் கழித்து வருகிறேன்.

கதவைத் தள்ளியதும் வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நின்றேன். ஹாலில் காலில் இடறும் சாமான் ஒன்றையும் காணோம். சுவரை ஒட்டிப் புதிதாக ஒரு மர ராக்கு. அதில் ஒரே அளவில் அட்டைப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் பூப்போட்ட காகிதம் ஒட்டி, அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவில் பெயர் எழுதியிருந்தது. சமையலறையிலும் அதே கதை. சர்க்கரை, உப்பு, துவரம்பருப்பு என்று டப்பாவுக்கு டப்பா பெயர். கடுகுக்குக்கூட ஒட்டியிருந்தார்கள். கடுகைப் பார்த்தால் கடுகு என்று தெரியாதா?

"எப்படிங்க இருக்குது?" என்று மனைவி முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள். "லீவுல நானும் பாப்பாவும் சேந்து பண்ணுனமுங்க. போன்ல பாத்துப் பாத்துப் பண்ணுனது."

"நல்லாத்தான் இருக்குது" என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. நான் இருந்த வரைக்கும் குப்பையாகக் கிடந்த வீடு, நான் இல்லாதபோது இப்படிப் பளிச்சென்று ஆகியிருக்கிறது.

குளித்துவிட்டு வந்து லுங்கியைத் தேடினேன். ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். என் லுங்கி, துண்டு, சட்டை எல்லாம் அதன் முதுகில்தான் கிடக்கும். இப்போது நாற்காலியே இல்லை. ராக்கைப் பார்த்தேன். 'அம்மா' என்று ஒரு பெட்டி. பக்கத்தில் 'நான்' என்று மகளின் பெட்டி. அப்புறம் 'பள்ளிக்கூடம்', 'பண்டிகை', 'மருந்து', 'கரண்ட் சாமான்', 'விருந்தாளிகள்'. மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தேன். 'அப்பா' இல்லை.

"லுங்கியத் தேடறீங்களா? துணிமணியெல்லாம் பாப்பாதான் அடுக்குனா. எங்கியோ வெச்சிருப்பா. பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததும் எடுத்துத் தரச் சொல்றனுங்க" என்றாள் மனைவி.

"ஒண்ணும் வேண்டாம். பாப்பாகிட்டக் கேக்காத, நானே தேடிக்கறேன்."

பயணப் பையிலிருந்த அழுக்கு லுங்கியையே உதறிக் கட்டிக்கொண்டேன். பெண்டாட்டிக்கே தெரியாத இடத்திலா என் லுங்கி இருக்கும்? மழுப்புகிறாள் என்று தோன்றியது. கடுகுக்கு இடம் இருக்கும் இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்கிறதா இல்லையா, அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். வாய் திறந்து கேட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம். ஆனால் கேட்டு வாங்கவேண்டிய இடம் என்ன இடம் என்று வீம்பு.

முதலில் ராக்கை ஆராய்ந்தேன். துளி கோணல் இல்லை. திருகாணிகள் ஆறும் சுவரோடு சுவராக அமர்ந்திருந்தன. உலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. ஓட்டை போடுவது என் தொழில். நல்ல வேலையைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

"யாரு புள்ள இத மாட்டுனது?"

"நாந்தானுங்க."

"செவுத்துல ஓட்டை போட்டது?"

"அதும் நாந்தானுங்க. டிரில்லிங் மெஷின் ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனன்."

எனக்கே காது குத்துகிறாள் என்று நினைத்தேன். கல்யாணமான புதிதில் பல்பு மாற்றுவதற்கு நான் வரும்வரை மூன்று நாள் இருட்டில் இருந்தவள் இவள். எழுதவே கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நான் இல்லாதபோது யாரோ ஓர் ஆள் இந்த வீட்டுக்கு வந்து போகிறான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. செருப்பு வைக்கும் இடத்தில் எனக்குத் தெரியாத செருப்பு ஏதும் இருக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். இப்போதெல்லாம் பிறந்தநாளுக்குக் கேக் மட்டும் போதாதாம், 'தீம்' வேண்டுமாம். அவள் வகுப்பில் ஒருத்தி கடல் வைத்தாளாம், இன்னொருத்தி காடு வைத்தாளாம். எங்கள் வீட்டில் விண்வெளி. கடையில் எதையும் வாங்கக் கூடாது, எல்லாம் கையால் செய்வது என்று அம்மாவும் மகளும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். உள்ளறைக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. நான் அந்தப் பக்கம் போனால் உள்ளே பேச்சு நின்றுவிடும். "உள்ள வராதீங்கப்பா!" என்று குரல் மட்டும் வரும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹெல்மெட் போட்ட ஒருவன் மொபெட்டில் வந்து ஒரு பெரிய சாக்குமூட்டையை வாசலில் இறக்கினான். நான் எட்டிப் பார்ப்பதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே நூல் சுற்றித் தீர்ந்த காலிக் கோன்கள், அட்டையில் செய்த கூம்புகள், நூறுக்குக் குறையாது.

"யாரு அவன்?"

"எவனுங்க? பள்ளிபாளையத்துல தறி வெச்சிருக்கறாங்களே, எங்க பெரியம்மா பையன். ராக்கெட்டு செய்யறதுக்குக் கோன் கேட்டிருந்தன். லோடு ஏத்தோணும்னு அப்படியே ஓடிட்டாங்களாட்ட இருக்குது."

கல்யாணத்தில் என் விரலில் மோதிரம் போட்ட மச்சினன். ஹெல்மெட்டுக்குள் அடையாளம் தெரியவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மனசு விடவில்லை. சரி, கோன் கொண்டுவந்தது மச்சினன். ராக்கு மாட்டியது யார்?

சனிக்கிழமை காலையில் அதற்கும் பதில் கிடைத்தது. கோள்களை வரிசையாகத் தொங்கவிடுவதற்கு ஹாலில் எதிரெதிராக இரண்டு கொக்கி வேண்டுமாம். "நான் அடிக்கிறேன், நகரு" என்று எழுந்தேன். அதற்குள் மனைவி ஸ்டூலில் ஏறிவிட்டாள். பென்சிலால் புள்ளி வைத்தாள். புள்ளிக்குக் கீழே ஒரு காகிதத்தைப் படகு மாதிரி மடித்து, உதிரும் மண் அதில் விழுகிறபடி சுவரில் ஒட்டினாள். மெஷினில் மாட்டிய துளைக்கும் பிட்டில் ஓரிடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. மெஷினை நேராகப் பிடித்து அழுத்தினாள். டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்தினாள். கொக்கி கச்சிதமாக இறங்கியது.

"அந்த டேப்பு எதுக்கு?" என்றேன்.

"அது வரைக்கும் போனாப் போதும்னு அளவுக்குங்க. நீங்கதான போன்ல சொன்னீங்க, கோடு போட்டு வெச்சாத்தான் எவ்வளவு ஆழம் போயிருக்குதுன்னு தெரியும்னு."

நான் எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. எங்கோ ஒரு காட்டில் நின்றுகொண்டு, பேச ஒன்றும் கிடைக்காமல் தொழிலைப் பற்றி ஏதோ உளறியிருப்பேன். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒருத்தி வீட்டையே மாட்டி நிறுத்தியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவளைக் கும்பிடத் தோன்றியது. அதையும் செய்யவில்லை, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

நான் கற்பனை செய்துவைத்திருந்த ஆள் அத்தோடு ஒழிந்தான். ஆனால் பெட்டி விவகாரம் அப்படியே இருந்தது. மதியம் இரண்டு பேரும் வெள்ளித் தாள் வாங்கக் கடைக்குப் போனதும், கதவைத் தாழிட்டுவிட்டு ஒவ்வொரு பெட்டியாக இறக்கினேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி. 'பண்டிகை'யில் கோலப்பொடியும் விளக்கும். 'மருந்து' பெட்டியில் மருந்து. கடைசியாக இறக்கியது 'விருந்தாளிகள்'.

மேலே துவைத்து மடித்த இரண்டு போர்வைகள், பிரிக்காத சோப்பு, புது டூத் பிரஷ். அதற்குக் கீழே என் லுங்கிகள் மூன்று. என் சவரச் சாமான். என் பழைய கண்ணாடி. என் ரப்பர் செருப்பு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தது. எல்லாமே சுத்தமாக, ஒழுங்காக இருந்தன. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் கோபம் வந்தது. வாயால் சொல்ல முடியாததைப் பெட்டியில் எழுதிச் சொல்கிறாள், குத்திக் காட்டுகிறாள் என்று பட்டது.

அவர்கள் திரும்பி வந்தபோது பெட்டியை ஹாலின் நடுவில் வைத்திருந்தேன்.

"இது யாரு வேலை?"

மனைவி குனிந்து பார்த்தாள். என் லுங்கியைப் பார்த்தாள், பெட்டியின் பெயரைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. "சாமி சத்தியமா நான் பாக்கலீங்க" என்றாள். ஊருக்கு வந்து ஐந்து நாளில் அப்போதுதான் அவள் சொன்ன ஒன்றை முழுதாக நம்பினேன்.

"நாந்தாங்கப்பா அடுக்குனேன்" என்றாள் மகள். கையில் வெள்ளித் தாள் சுருள்.

"அப்பா விருந்தாளியா சாமி?" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பையோட வர்றவங்க சாமானெல்லாம் அதுலதாங்கப்பா. வந்தா எடுத்துக் குடுக்கோணும், போனாத் தொவச்சு மடிச்சு வெக்கோணும். டெய்லி இங்க தூங்கறவங்களுக்குத்தான் தனிப் பெட்டி."

குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. கணக்குப் பாடத்தை விளக்குகிற மாதிரி சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

"வாய மூடு புள்ள" என்று மனைவி அதட்டினாள். 'கரண்ட் சாமான்' பெட்டியை எடுத்து வயர்களையும் பிளக்குகளையும் தரையில் கொட்டினாள். ஒட்டியிருந்த பெயரை நகத்தால் கிழித்து எடுத்தாள். "இந்தா, இதுல அப்பான்னு எழுதி ஒட்டு."

மகள் ஒரு வெள்ளைத் தாளை வெட்டி எடுத்துவந்து உட்கார்ந்தாள். ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் திறந்தாள். எழுதவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னையே பார்த்தாள். இன்னும் இரண்டு ராடு இறக்கினால் தண்ணீர் வந்துவிடும் என்று நான் சொல்லும்போது தோட்டக்காரர்கள் பார்க்கிற பார்வை. சந்தேகத்தை எந்த முகத்தில் பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"இந்தத் தடவ எத்தன நாளைக்கு இருப்பீங்கப்பா?"

அன்று காலையில்தான் முதலாளி போன் செய்திருந்தார். ஆந்திரப் பக்கம் மழை இல்லை, வண்டியை அங்கே திருப்பலாம், திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றார். சரிங்க என்று சொல்லியிருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பிறந்தநாள் முடியட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தெரியல சாமி. வண்டி கூப்பிட்டாப் போகோணும்" என்றேன்.

மகள் ஸ்கெட்ச் பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து பென்சிலை எடுத்து வந்தாள். 'அப்பா' என்று குண்டு குண்டாக, அழகாக எழுதிப் பெட்டியில் ஒட்டினாள்.

"பென்சில்ல எதுக்கு எழுதுன?" என்றாள் மனைவி.

"அப்பறம் அழிச்சுக்கலாமல்லம்மா."

அப்போதும் நான் திங்கட்கிழமை ரயிலைப் பற்றிச் சொல்லவில்லை.