ஒரு காம்பராவைப் பார்த்தால் போதும்

தொண்ணூறுகளின் கடைசியில், பதுளையில் ஒரு பாடசாலை மண்டபத்தில், கணித ஆசிரியர்கள் நாற்பது பேருக்கு முன்னால் என் ஆய்வைப் பற்றிப் பேசினேன். முதல் வரிசையில் என் பேராசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் கெட்டிக்காரனாகத் தெரிய வேண்டும். என் புத்தியில் இருந்தது அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். ஒரு வெளியின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஓர் இழை நிற்கிறது. எல்லா இழைகளும் சேர்ந்தது கட்டு. ஓர் இழையில் இருப்பதை அடுத்த இழைக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற விதிதான் இணைப்பு. எந்தப் புள்ளியையும் எந்தப் புள்ளிக்கும் நகர்த்தும் சமச்சீர் அந்த வெளிக்கு இருந்தால், இணைப்பை ஒரே புள்ளியில் சோதித்தால் போதும் என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். அதை விளங்கப்படுத்த எனக்கு வேறு உதாரணமா கிடைக்கவில்லை? தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம், காம்பரா என்ற ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்தக் கட்டடம்தான் வாயில் வந்தது.

“தோட்டத்து லயத்தைப் பாருங்க. பன்னிரண்டு காம்பரா, எல்லாம் ஒரே அச்சு. ஒன்னைப் பார்த்தா போதும், மத்ததைப் பார்க்கவே தேவையில்ல” என்றேன். சபை சிரித்தது. எனக்குக் குஷி தாங்கவில்லை.

பின் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். லுணுகலைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. பூனாகலைத் தோட்டத்து லயத்தில் நான்காம் காம்பராவில் அவளும் ஐந்தாம் காம்பராவில் நானும் வளர்ந்தோம். நடுச்சுவர் கூரை வரை எட்டாது. அதன் மேலால் அவள் அம்மா நீட்டிய ரொட்டியைத் தின்று படித்தவன் நான். அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வெளிவாரியாகக் கணிதப் பட்டம் எடுத்துவிட்டு, மேலே படிக்க யாராவது வழி காட்டமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். நானோ பேராசிரியரிடம் என் வீடு பதுளை டவுன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

“காம்பரா எல்லாம் ஒன்னுதாங்க சேர்” என்றாள். “ஆனா ஒரு காம்பராவுல இருந்து அடுத்ததுக்குப் போற விதமும் எல்லா எடத்துலயும் ஒன்னாத்தான் இருக்கணும்னு என்ன கட்டாயம்? நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல சோறு போகும். அஞ்சுக்கும் ஆறுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. அதையும் தனியா பார்க்கணுமில்லீங்களா?”

என் இரண்டு வருட வேலையின் ஓட்டையில் நேராக விரலை வைத்துவிட்டாள். வெளியின் சமச்சீர் இழைகளின் மீதும் ஏறி, இணைப்பையும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். அதை நான் சோதிக்கவே இல்லை.

“இது கணிதம். லயத்துச் சண்டை இல்ல” என்று வெடுக்கென்று சொன்னேன்.

“சேர் லயத்துக் காம்பராவுக்குள்ள போயிருக்கீங்களா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நானே சொல்லட்டும் என்றுதான் கேட்டாள்.

“இல்ல. ரோட்டுல இருந்து பார்த்திருக்கேன்.”

சீ, என்ன நாக்கு எனக்கு! அவள் “சரிங்க சேர்” என்று உட்கார்ந்துவிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அதை அவள் சொல்லவில்லை.

கொழும்புக்குத் திரும்பும்போது, ஹல்துமுல்லை தாண்டியதும் பேராசிரியர் வாயைத் திறந்தார். “அந்தப் பிள்ளை கேட்டதுதான் சரி. உமக்கு விளங்கினதோ? உப்பிடி ஒரு ஆளைத்தான் நான் ஆராய்ச்சிக்குத் தேடித் திரியிறன். ஆரெண்டு தெரியுமோ?”

“தெரியாது சேர்.”

அவள் சொன்ன நிபந்தனையைச் சேர்த்து ஆய்வேட்டைத் திருத்தினேன். நன்றியுரையில் தட்டச்சு செய்தவருக்குக்கூட நன்றி சொன்னேன். அவளுக்குச் சொல்லவில்லை. பட்டம் கிடைத்தது.

பட்டம் கிடைத்த கையோடு விடுமுறையில் தோட்டத்து வீட்டுக்குப் போனபோது அம்மா சொன்னார்: “அந்தப் புள்ள வந்துச்சுடா. ஒங்க கெம்பஸ்ல மேல படிக்க எடம் இருக்கான்னு அவன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க அத்தைன்னுச்சு. என்னா சொல்ல?”

அவள் வந்தால் ஒரே நாளில் என் பொய் எல்லாம் வெளியே வந்துவிடும்.

“எடமில்லன்னு சொல்லிடுங்கம்மா” என்றேன்.

அம்மா நம்பினார், அவளும் நம்பினாள். அடுத்த மாதம், என் பட்டத்துக்கு வாழ்த்துச் சொல்லி அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் பதில் போடவில்லை.