முன்முடி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். கற்பிட்டியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

சில வாரங்களாக என் முன்முடி மட்டும் கத்தரித்ததுபோல் குட்டையாகிக்கொண்டே வந்தது. வெளியே முக்காடு போடுபவள் நான். அப்படியானால் இது வீட்டுக்குள் இருப்பவரின் வேலைதான். என் அண்ணனான நானாவின் மனைவி, மதினி, என் அறையில் விழுந்த முடியைப் பொறுக்கிக் கடதாசியில் சுற்றுவதைக் கண்டதும் சந்தேகம் உறுதியானது.

"என்ட முடிய எங்க கொண்டு போறீங்க?"

"பொதைக்கத்தான், விழுந்த முடிய கண்ட இடத்தில போடக் கூடாதே. முக்காட்டுக்குள்ள இருக்கிற முடிக்கு அயன் போடுறது நீ, அள்ளுறது நான்" என்று சிரித்தார்.

"வெட்டுறதும் நீங்கதானே? சூனியம் வைக்கவா?"

மதினியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பிடியா நெனச்சிட்டாய், புள்ள?" என்றார்.

அன்று முதல் அறையைப் பூட்டினேன். மறுநாள் விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டு, பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில், முடி நேராக்கும் மெஷினை முன்முடியில் அழுத்தினேன். 'ஸ்ஸ்' என்று ஆவி வந்தது. முடி முறிந்து மெஷினோடு வந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழு செய்தபோது ஈரக் கையால் தடவிய அதே இடம். முடிக்குள் இருந்த ஈரம் கொதித்து அதை உடைத்திருக்கிறது. நீர் ஆவியானால் எவ்வளவு விரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

மதினியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றார்.

முடி வளர்ந்துவிட்டது. ஆனால் என் அறையைக் கூட்டும்போதெல்லாம், "நீயும் வந்து நில்லு, புள்ள" என்று மதினி கூப்பிடுகிறார். உங்களை நம்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போய் நிற்கிறேன்.