ஆறு நாற்காலியும் ஒரு ஷெரிப்பும்

டயாலிசிஸ் சென்டர் வேலையில் ஊசி குத்துவதுதான் கஷ்டம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஊசி அரை நிமிடம், அதற்குப் பிறகு நோயாளி அசையாமல் கிடக்கும் நாலு மணி நேரத்தை ஓட்டுவதுதான் பெரும்பாடு. மேலிடத்திலும் திட்டு வாங்கி வீட்டிலும் திட்டு வாங்கும் சக ஷிப்டு பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

கிள்ளானில் எங்கள் சென்டரில் ஆறு நாற்காலி, ஒரு டிவி. அந்த டிவியில் நான் போடுவது பழைய கௌபாய் தொடர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். விளையாட்டில் அண்ணன்மார் என்னைக் குதிரையாக இருக்கச் சொன்னார்கள். ஷெரிப் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் போங்கடா என்றேன். ஐம்பத்து மூன்று வயதிலும் அதே பேச்சுதான். இந்தக் காலத்திலும் குதிரையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், குதிரைதான்.

மிச்சம் வியாழக்கிழமை

மணியம் அங்கிளுக்கு எழுபத்திரண்டு வயது. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கு லோரி ஓட்டியவர். மனைவி போன பிறகு, வாரம் மூன்று முறை வர வேண்டியவர் இரண்டு முறை வந்தார், பிறகு ஒரு முறை. டயாலிசிஸைத் தவறவிட்டால் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு முட்டும், அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. கெஞ்சினேன், அதட்டினேன். "போதும் மிஸ்ஸி, யாருக்காக?" என்பார். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய நேரம் முடிந்து ஊசியைக் கழற்றும்போது, டிவியில் ஷெரிப்பும் வில்லனும் எதிரெதிரே நின்றார்கள். மனிதர் கழுத்தை நீட்டிக்கொண்டு, "இரு, சுட்டுறட்டும்" என்றார். நான் டிவியை நிறுத்தினேன். மிச்சம் வியாழக்கிழமை என்றேன். வியாழக்கிழமை காலை கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார். அன்றிலிருந்து இதுவே என் வழக்கமாகிவிட்டது. அவர் நேரம் முடியும்போது திரையில் எவனாவது துப்பாக்கியில் கை வைத்தால் நிறுத்திவிடுவேன். அவர் ஒரு நாளும் தவறவில்லை, திட்டவும் தவறவில்லை: "நீ நர்ஸ் இல்ல மிஸ்ஸி, கொடுமைக்காரி."

ஒன்பது மணி பிரஷர்

ஒரு மாதம் டாக்டர் சார்ட்டைப் பார்த்துப் பார்த்து மண்டையைச் சொறிந்தார். எல்லாருக்கும் காலை ஒன்பது மணிக்கு மட்டும் பிரஷர் ஏறுகிறது. பிறகு ஒழுங்காக இறங்கிவிடுகிறது. மாத்திரையை மாற்றலாமா என்று யோசித்தவர், ஒரு நாள் காலி நாற்காலியில் உட்கார்ந்து கவனித்தார்.

ஒன்பது மணிக்கு நான் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டினேன். திரையில் கொள்ளைக்காரர்கள் வங்கியைச் சுற்றி வளைத்தார்கள். ஆறு நாற்காலியிலும் மூச்சு நின்றது. டாக்டரும் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். அவருக்கும் கட்டிப் பார்த்தேன், ஏறித்தான் இருந்தது. "மருந்த மாத்த வேணாம் சிஸ்டர், டைம மாத்துங்க."

பாங்கு சொல்லும் நேரம்

மூன்றாவது நாற்காலி மாக்சிக் ரோகாயா, அதாவது ரோகாயா ஆன்ட்டி, ஓய்வுபெற்ற மலாய் டீச்சர். சின்ன வயதில் டிவி படத்தின் அடியில் ஓடும் மலாய் எழுத்தைப் படித்துத்தான் எனக்குப் பாதி மலாய் வந்தது என்று சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் வந்ததும் அதே கதைகளில்தான். இன்னொன்றும் இரண்டு பேருக்கும் பொது. சாயங்காலம் சரியாகச் சண்டை நேரத்தில் டிவியில் தொழுகைக்கான பாங்கு வந்துவிடும். திரையில் பள்ளிவாசல் படம். முடிந்து திரும்பி வந்தால் ஒருவன் மண்ணில் கிடப்பான். முதலில் சுட்டது யார் என்று எங்கள் குவாட்டர்ஸிலும் சண்டை, அவர் கிராமத்திலும் சண்டை.

போன மாதம் சண்டைக் காட்சியில் ஒரு மெஷின் அலாரம் அடித்தது. படத்தை நிறுத்திவிட்டு ஓடினேன். மற்றவர்கள் முனகினார்கள். மாக்சிக் மட்டும், பொறு, குண்டுக்குக்கூட மரியாதை தெரியும் என்பதை மலாயில் சிரிக்காமல் சொன்னார்: "சபார் லா, பெலுரு பூன் தாவு ஹொர்மாட்."

சிறுநீரகம் பற்றிய படம்

தலைமை அலுவலகத்திலிருந்து புது மேனேஜர் வந்தார். இளைஞர், நல்ல சட்டை. முதல் நாளே டிவியில் கௌபாய்க்குத் தடை போட்டுவிட்டு, சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்ற படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நோயாளிகளுக்கு விழிப்புணர்வு வேண்டுமாம். கெட்டுப்போன பிறகு என்ன விழிப்புணர்வு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வாயைத் திறப்பதற்குள் மணியம் அங்கிள் முந்திக்கொண்டார்: "என் கிட்னி போனது எனக்குத் தெரியும் தம்பி. அந்த ஷெரிப் பொழைச்சானான்னுதான் தெரியல."

டிரிப் ஸ்டாண்டில் குதிரை

மேனேஜர் அசையவில்லை. டிவிக்குப் பூட்டுப் போட்டார். வியாழக்கிழமை அங்கிள் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. போனில் மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. பயந்துபோனேன். "அங்கிள், ஷெரிப் நடுரோட்டுல நிக்கிறாரு. இப்பவே வாங்க, மிச்சத்தப் போடுறேன்" என்றேன்.

வந்தார், செருப்பு நுழையாத கால்களோடு. டாக்டரைக் கூப்பிட்டேன், மெஷினில் போட்டோம். மூச்சு சீரானதும் என் மகளின் டேப்லெட்டை டிரிப் ஸ்டாண்டில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். மேனேஜர் பின்னால் வந்து நின்று எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். வரட்டும், கையெழுத்துப் போட என்னிடம் பேனா இருக்கிறது என்றேன். படத்தை மட்டும் நிறுத்தவில்லை.

நாலு மணி நேரம் ஆனது. ஷெரிப் கதை முடிந்து அடுத்த கதையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள். வழக்கம்போல் என் விரல் நிறுத்தப் போனது, அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கு மனிதர் பட்டது போதும், முழுதாகப் பார்க்கட்டும் என்று தோன்றியது. அங்கிள் என்னை முறைத்தார்.

"என்ன பாக்குற? நிறுத்து லா. லோரி ஓட்டுன காலத்துலயே நானும் என் பொண்டாட்டியும் இதெல்லாம் பாத்துட்டோம், யாரு சாவான்னு எனக்குத் தெரியும். நீ நிறுத்துறியே, அதுக்குத்தான் வரேன்."

எச்சரிக்கைக் கடிதம் என் பைலில் இருக்கிறது, மணியம் அங்கிள் என் நாற்காலியில் இருக்கிறார், மேனேஜர் வேண்டுமானால் இன்னொரு கடிதம் அடிக்கட்டும்.