மூடக்கூடாத கறுப்பு ஜன்னல்

மாமனார் வீட்டில் எல்லாரும் அவனை மேதை என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தவன் மனைவியின் தம்பி. கிண்டலுக்கு வைத்த பெயர் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். இவனுக்குப் புரியவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறான் என்று பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டுவிட்டான்.

சின்ன வயதில் ஒருநாள் வீட்டு மின்விசிறியைக் கழற்றித் திரும்ப மாட்டினான். இரண்டு திருகாணி மிச்சம் விழுந்தது. "கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டிருக்கான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் விசிறிக்கு நேர் கீழே படுத்ததில்லை. அவன் படித்தான், கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான், கல்யாணம் ஆயிற்று, காதோரம் நரையும் விழுந்துவிட்டது. அந்தத் திருகாணிப் புத்தி மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. ஏதாவது சரியாக நடந்தால் அது இவன் செய்தது, கெட்டுப்போனால் வேறு எவனோ செய்தது.

மாமனார் கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழில் வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கூடம், அதில் அலமாரி மாதிரி ஆள் உயரத்துக்கு ஒரு இன்குபேட்டர், உள்ளே தட்டுத் தட்டாக முட்டை. சூடு ஒரே அளவில் நிற்க வேண்டும். ஏறினால் உள்ளே இருக்கிற உயிர் வெந்துவிடும். அதற்குக் காவலாகச் சுவரில் ஒரு பழைய தெர்மோஸ்டாட் பெட்டி இருந்தது. சூடு போதுமென்றால் டக்கென்று ஹீட்டரை நிறுத்தும், குறைந்தால் டக்கென்று போடும். அதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது.

மருமகனாக வந்த புதிதில் மேதை அதைப் பார்த்துச் சிரித்தான். "என்ன மாமா, இன்னும் இதையெல்லாம் கட்டிக்கிட்டு அழறீங்க" என்றான். பெட்டியைக் கழற்றிப் பரணில் கடாசினான். பதிலுக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, தானே ஒரு புரோகிராம் எழுதி ஹீட்டரையும் விசிறியையும் அதன் பொறுப்பில் விட்டான். திரை முழுக்க ஒரு பெரிய எண். சூடு சரியாக இருந்தால் பச்சை, ஏறினால் சிவப்பு. ஓரமெல்லாம் வழவழவென்று உருட்டி, நிழல் விழுகிற மாதிரி பொத்தான் எல்லாம் வைத்திருந்தான். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது.

அழகைப் பார்த்தா முட்டை பொரியும்? கொஞ்ச நாளாகச் சூடு தாறுமாறாக ஏறி இறங்கியது. போன தடவை வைத்த முட்டையில் பாதி பொரியவில்லை. குஞ்சு வாங்குகிற பண்ணைக்காரர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் இப்படின்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்." அவர் ஒருவரை நம்பித்தான் அந்தக் கூடமே ஓடியது. மாமனாருக்கு வேறு தொழில் தெரியாது, மச்சினனுக்கும் தெரியாது. ஆக, உள்ளே இருக்கிற முட்டை பொரிந்தால் அந்த வீட்டுக்குப் பிழைப்பு உண்டு, பொரியாவிட்டால் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். மேதைக்கும் தெரியும்.

குஞ்சு பொரிய இன்னும் சில நாளே இருக்கையில், ஒரு விடுமுறை நாள் காலையில் மனைவியோடு வந்து இறங்கினான். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கப் போகிறானாம்.

விஷயம் இதுதான். படமும் பொத்தானுமாக இருக்கிற புரோகிராமுக்குப் பேச வாய் கிடையாது. உள்ளே ஏதாவது பிசகினால் ஒரு வரி எழுதிக் காட்டும்படி மேதையே சொல்லி வைத்திருந்தான். ஆனால் எழுதிக் காட்ட இடம் எங்கே இருக்கிறது? அது பாட்டுக்குச் சொல்லும், சொன்னது காற்றோடு போகும். அது சொல்வதைப் படிக்க வேண்டுமென்றால், வெறும் எழுத்து மட்டும் ஓடுகிற ஒரு கறுப்பு ஜன்னலைப் பக்கத்தில் திறந்து, பேச்சை அதன் பக்கம் திருப்பிவிட வேண்டும். நாம் தட்டுகிற எழுத்தும் அதே வழியாக உள்ளே போகும்படி செய்துவிட்டால், கேள்வி கேட்டுப் பதிலும் வாங்கலாம். தெரிந்தவனுக்கு நாலைந்து வரி வேலை. இதை ஆரம்பத்திலேயே செய்திருக்கலாமே என்று கேட்டால், கறுப்பு ஜன்னல் திரையின் அழகைக் கெடுத்துவிடுமாம். அழகுக்காக இத்தனை நாளும் அதன் வாயைக் கட்டிப் போட்டிருந்தான் மகராசன்.

காலையில் உட்கார்ந்து செய்து முடித்தான். கறுப்பு ஜன்னல் திறந்ததுமே வரி வரியாகக் கொட்டியது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மணி, பிறகு செய்தி. மேல்தட்டில் சூட்டை அளக்கிற சென்சார் பதில் தரவில்லை, மேல்தட்டுச் சென்சார் பதில் தரவில்லை என்று அது எத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருந்ததோ. மச்சினன் போய்ப் பார்த்தான். வயர் தளர்ந்து தொங்கியது. திருகாணியை முறுக்கினான். அந்த வரி நின்றுபோய், சூடு சரி, சூடு சரி என்று ஓட ஆரம்பித்தது.

மேதைக்குத் தலைகால் புரியவில்லை. அடுக்களையில் இருந்த மாமியாரை ஈரக் கையோடு கூப்பிட்டு நிறுத்தினான். மாமனார், மனைவி, மச்சினன் எல்லாரையும் கம்ப்யூட்டருக்கு முன்னால் சேர்த்துவிட்டான்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கறுப்பு ஜன்னல யாரும் மூடிடாதீங்க. இது இப்ப புரோகிராமோட ஒட்டிக்கிட்டிருக்கு. மூலைல இந்தப் பெருக்கல் குறி தெரியுதா மாமா, இத அமுக்கினீங்கன்னா இது மட்டும் போகாது, புரோகிராமும் சேந்து போயிடும்."

"மூடக்கூடாது" என்று மாமனார் தலையை ஆட்டினார். கம்ப்யூட்டரைப் பற்றி அந்த மனிதருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அன்றைக்கு இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டார். மகனிடம் திரும்பி, "கேட்டியாடா, மூடக்கூடாது" என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

மேதை 'நிலை' என்று தட்டினான். சூடு சரி, ஹீட்டர் எரிகிறது என்று பதில் வந்தது. மாமியாருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. "இங்க பாருங்க அத்தை, இந்த வரிதான்" என்று மவுஸை அந்த வரி மேல் இழுத்தான். வரி வெள்ளை வெளேரென்று எடுப்பாகத் தெரிந்தது. "நல்லா இருக்கு மாப்பிள்ளை, சாப்பிட வாங்க, ஆறிடும்" என்றாள் அவள். மேதை எழுந்து போனான்.

அங்கேதான் எல்லாம் முடிந்தது. அந்த மாதிரி ஜன்னலில் எழுத்தை மவுஸால் பிடித்துவிட்டால், நாம் கீபோர்டில் ஒரு விசையை அழுத்தி விடுவிக்கும்வரை ஜன்னல் அப்படியே உறைந்து நிற்கும், புது வரி எதையும் வாங்காது. அடுத்த வரியைச் சொல்ல வந்த புரோகிராம் வாயைத் திறந்தபடி காத்திருக்கும், வேறு வேலை எதுவும் பார்க்காது. சூட்டைப் பார்க்காது, எரிகிற ஹீட்டரை அணைக்காது, திரையில் இருக்கிற எண்ணைக்கூட மாற்றாது.

அவனுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இதே தப்பைச் செய்தபோது, "மூளைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா" என்று எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவன் இவன்தான். அந்தப் பெண் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தாள்.

சாப்பிடும்போது மேதைக்கு வாய் ஓயவில்லை. அவன் இல்லாவிட்டால் ஆபீஸே படுத்துவிடும், மேலதிகாரி ஒரு மக்கு, இப்படியே போயிற்று. மச்சினன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"பச்சையாதான் இருக்கு" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "அத்தான், அந்தப் பழைய பெட்டியையும் ஒரு தொணைக்கு மாட்டி வைக்கலாமா?"

"எதுக்கு, அதுக்கும் இலை போட்டுச் சோறு வைக்கவா?" என்றான் மேதை. தானே சிரித்துக்கொண்டான். பிறகு வயிறு முட்டிப்போய்க் கட்டிலில் சாய்ந்து குறட்டை விட்டான்.

சாயங்காலம் உள்ளே தண்ணீர் வைக்க இன்குபேட்டர் கதவைத் திறந்த மச்சினன், முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் விழுந்தான். அவ்வளவு அனல். எழுந்து ஓடிப்போய் ஹீட்டர் சுவிட்சைச் சுவரில் அணைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டான்.

மாமனார் டார்ச்சை எடுத்து ஒரு முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முந்தின நாள் பார்த்தபோது உள்ளே துடிப்பு இருந்தது. இப்போது இல்லை. இன்னொன்றை எடுத்தார். ஒவ்வொரு தட்டிலும் ஒன்றிரண்டு பார்த்தார். கடைசியில் டார்ச்சை அணைத்துக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றார். மாமியார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தூக்கம் கலைந்து வந்த மேதைக்கு நிலைமை புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அடுத்த நிமிஷமே மிச்சத் திருகாணிக்கு இடம் கண்டுபிடித்துவிட்டான்.

"காலைல வயரை முறுக்கினது யாரு? தம்பிதானே. சரியா முறுக்கல. நான் கண்டுபிடிச்சுக் குடுத்தேன் மாமா. கைவேலைல அவன் கோட்டை விட்டுட்டான்."

படித்தவன் சொல்கிறான். மாமனார் மகனைப் பார்த்தார். "ஒரு திருகாணிய ஒழுங்கா முறுக்கத் தெரியல ஒனக்கு. இனிமே நீ இங்க வேலை பாத்துக் கிழிச்சது போதும். எங்கயாவது போய்ப் பொழச்சுக்கோ." மச்சினன் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தான்தான் சரியாக முறுக்கவில்லை என்று அந்தப் பைத்தியக்காரன் நம்பிவிட்டான்.

மேதை தலையைக் குனிந்து நின்றான். வெட்கத்தில் குனிந்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மச்சினனின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அதுதான் வசதி.

"வயர் விட்டுப் போச்சுன்னா அது சொல்லுமே" என்றாள் மனைவி. "காலைல சொல்லிச்சே." கம்ப்யூட்டர் பக்கம் போனாள். திரையில் எண் பச்சையாக நின்றது. "உள்ள வெந்து கெடக்கு, இது இன்னும் பச்சையா நிக்குது? என்னங்க இது?"

"அதத் தொடாத" என்றான் மேதை.

அவள் ஏற்கனவே ஒரு விசையைத் தட்டிவிட்டிருந்தாள். வெள்ளையாக இருந்த வரி கறுப்பாயிற்று. தொண்டையில் சிக்கிக் கிடந்த வரி வெளியே விழுந்தது. அதன் பின்னால் சூடு அதிகம், சூடு அதிகம் என்று ஓட ஆரம்பித்தது. பச்சை எண் பொசுக்கென்று சிவந்தது. ஒரு வரிக்கு முன்னால் மத்தியான மணி, அதற்கு அடுத்த வரிக்கு முன்னால் சாயங்கால மணி. நடுவில் ஒன்றுமில்லை. சாப்பிட எழுந்தபோது நின்ற பேச்சு இப்போதுதான் மறுபடி தொடங்குகிறது என்று அதைப் படிக்கிற யாருக்கும் தெரிந்துவிடும்.

மனைவி குனிந்து படிக்க ஆரம்பித்தாள். மேதை அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் பாய்ந்தான். அவன் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிற்று. மவுஸைப் பிடித்து, மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கினான்.

கறுப்பு ஜன்னல் போயிற்று. அதோடு சேர்ந்து சிவப்பு எண்ணும் வழவழ பொத்தான்களும் போயின. இன்குபேட்டர் விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

மாமனார் வெற்றுத் திரையைப் பார்த்தார். பிறகு மவுஸின் மேல் இருந்த கையைப் பார்த்தார்.

"இத மூடக்கூடாதுன்னு நீங்கதான மாப்பிள்ளை சொன்னீங்க?"

"இல்ல மாமா, கம்ப்யூட்டர் பழசு, அதான்..." என்று மேதை ஆரம்பித்தான். அவர் கேட்க நிற்கவில்லை. மகனிடம் போய், அவன் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். "வா, தட்டையெல்லாம் வெளிய எடுக்கணும்" என்றார்.

பண்ணைக்காரர் சொன்னபடி வேறு இடம் பார்த்துக்கொண்டார். கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மாமனாரும் மச்சினனும் இப்போது வேறொருவர் பண்ணையில் கூலிக்குப் போகிறார்கள். மேதை ஆபீஸில், பழைய கம்ப்யூட்டரை நம்பி மோசம் போன தன் மாமனாரின் கதையை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரே ஒரு குறைதான். சமீபத்தில் மனைவியிடம் கேட்டிருக்கிறான்.

"ஏன், உங்க வீட்ல இப்பல்லாம் யாரும் என்னை மேதைன்னு கூப்பிடறதில்ல?"