கண்ணாடிக்குப் பின்னால் வெயில்

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில், என் மனைவி சரஸ்வதியின் செருப்புகளைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கீழே வைத்திருக்கலாம். தோன்றவில்லை. அந்தப் பக்கம் போன நர்ஸ் என்னைச் செருப்பு விற்க வந்தவன் என்றுகூட நினைத்திருப்பாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. முந்தைய ஆண்டு இதே கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில்தான் அவளுடைய சூலகத்தில் (கருமுட்டை உருவாகும் உறுப்பு) இருந்த புற்றுக்கட்டியை எடுத்தார்கள். வயிறு உப்பியபோது அதை வாயு என்று அடித்துச் சொல்லி, ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவன் நான். என் வைத்திய ஞானம் அவ்வளவுதான்.

ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, நன்றாகச் சாப்பிட வேண்டும், தினமும் வெயிலில் உட்கார வேண்டும் என்றார் டாக்டரம்மா.

சொந்த ஊரான நல்லேப்பிள்ளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. எனக்கு வேலையோ சித்திரபுரத்தில், மின்சார போர்டில். அந்த மலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்தாலே பல் கிடுகிடுக்கும். அறுத்துத் தைத்த உடம்பைக் காற்றுப் படாமல், காதைக் கட்டி வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். டாக்டரம்மாவும் கோபிக்கக்கூடாது, ஊர் வழக்கமும் கெடக்கூடாது. யோசித்தேன். கிழக்கு ஜன்னலின் கண்ணாடிக் கதவுகளை இறுகச் சாத்தி, அதை ஒட்டிக் கட்டிலைப் போட்டேன். வெயில் வரும், காற்று வராது. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

சில மாதங்களில் அவளுக்கு இடுப்பு வலித்தது. பிறகு தொடை, விலா. படி ஏறும்போது காலைக் கையால் தூக்கி வைத்தாள். நடை வாத்து நடையாக மாறியது.

“ஏனம்மிணி, இந்த வயசுல டான்ஸ் கத்துக்கறயா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “எலும்புக்குள்ள வந்துருச்சுன்னு நெனைக்கறனுங்க” என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்தக் கேலியே. மறுபடி கோயமுத்தூருக்குக் கிளம்பினோம். மறையூர் வழியாக இறங்கிய பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் அவள் என் கையைப் பிடித்தாள். அவள் கையை விட்டதும் எனக்குப் பயம் கூடியது.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இவங்க வெயில்ல உக்கார்றாங்களா?”

“தவறாம உக்கார வெக்கிறனுங்க” என்று, ஜன்னல் ஏற்பாட்டை விளக்கினேன்.

“கண்ணாடியச் சாத்திட்டா?”

“ஆமாங்க. காத்துப் படக்கூடாதுங்களே.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “வெளிச்சம் வந்திருக்கும், சூடு வந்திருக்கும். தோல்ல வைட்டமின் டி உண்டாக்கற கதிரக் கண்ணாடி உள்ள விடாதுங்க.”

படத்தில் புற்று அரித்த ஓட்டைகள் தெரியவில்லை. இடுப்பெலும்பில் மெல்லிய கோடுகள்தான் தெரிகின்றன என்றார். ஆஸ்டியோமலேசியா (சத்துக் குறைவால் எலும்பு இளகிப்போதல்) போலிருக்கிறதாம்.

“அப்ப அது திரும்பி வரலீங்களா?” சரஸ்வதி கேட்டாள்.

“வைட்டமின் டி ஊசி போட்டுப் பாப்பம். வலி கொறஞ்சா இதுதான். கொறையலீன்னா மறுபடி தேடணும்.”

மறுபடி தேட வேண்டும் என்ற சொல்லோடு நல்லேப்பிள்ளிக்குப் போனோம். ஊசி போட்டார்கள், பாலும் முட்டையும் கொடுத்தோம். காலை வெயிலில் நெல்லோடு நெல்லாக அவளையும் களத்தில் காயவைத்தோம். காதைக் கட்டத் துணியோடு வந்த என் அக்காவிடம், கட்டுவதானால் என் வாயைக் கட்டு என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னாலும், என் கண் சரஸ்வதியின் கால்களை விட்டு நகராது. வலி இருக்கிறதா என்று கேட்கப் பயந்து, காபி வேண்டுமா என்று கேட்பேன். பாவம், வேண்டாத காபி நிறையக் குடித்தாள்.

ஒரு நாள் காலையில், களத்து வரப்பைக் கையூன்றாமல் தாண்டினாள். தாண்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. திரும்பிப் போய் இன்னொரு தடவை தாண்டிப் பார்த்தாள்.

அன்று அந்த வைட்டமின் டி எங்களுக்கு எலும்புக்கான மருந்து மட்டுமே. இப்போது சூலகப் புற்றின் செல்களிலும் அதற்கான ஏற்பிகள் (சத்து வந்து பொருந்தும் இடங்கள்) உண்டு என்றும், அவற்றால் பயன் உண்டா என்றும் ஆராய்கிறார்களாம். விடை முடிவாகவில்லை. இந்த நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வெயிலை நம்பிச் சிகிச்சையை விடாதீர்கள், வைட்டமின் மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். வீட்டில் என்னைப்போல ஒரு விஞ்ஞானி இருந்தால், அவர் செய்வதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரஸ்வதி இன்றும் இருக்கிறாள். அவள் இடுப்பைப் பிடித்தபடி எழுந்தால், என் நகைச்சுவை பாதியிலேயே நிற்கும். காலையில் இருவரும் வாசலில் உட்காருகிறோம். மேகம் வந்து வெயிலை மூடினால் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. அது விலகி, அவள் கையில் மறுபடி வெயில் விழுந்த பிறகுதான், விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறோம்.