பழைய பெட்டிக்குப் பாவித்த மூளை

பழைய டெஸ்க்ரொப் கொம்பியூட்டருக்குக் குறைந்த செலவில் அதன் மூளையான புரோசசரை மாற்றிக் கொடுக்கிற தொழிலில், சாமானைத் தெரிவு செய்வது பாதி வேலை; வருகிறவரின் ஆசையைப் பொறுமையாகக் கேட்பது மற்றப் பாதி. நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னத் திருத்தும் கடை இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பத்து வருசப் பெட்டி ஒன்று உலங்கு வானூர்தி மாதிரி இரைந்துகொண்டு கிடந்தால், நீங்களும் என் கட்சிதான்.

பெரிய நம்பர்

கொடிகாமத்தில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற அண்ணை ஒருவர் பெட்டியோடு வந்தார். புரோசசரை இணையத்தில் பார்த்து அவரே வாங்கியும் விட்டார். "உதைக் கழட்டிப்போட்டு இதைப் பூட்டினால் சரிதானே?" என்று கேட்டார்.

பெட்டியைத் திறந்தேன். மதர்போட்டில் புரோசசர் இருக்கிற இடத்தை சொக்கெற் என்போம். அவருடையது பழைய சொக்கெற். வாங்கியதோ அதற்கு மூன்று தலைமுறை பிந்தியது. எந்த வித்தை காட்டினாலும் பொருந்தாது. "அண்ணை, மதர்போட் எதை ஏற்கும் எண்டு பாத்துப்போட்டுத்தான் வாங்கவேணும்" என்றேன். கத்தப்போகிறார் என்று பயந்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அதைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பொருத்தமான ஒன்றைப் போட்டோம். போகும்போது சொன்னார்: "தம்பி, கத்தரிக்காயைக் காம்பு பாத்து வாங்கிற நான், உதைப் பெரிய நம்பர் பாத்து வாங்கிப்போட்டன்."

தேவைப்படாத புரோசசர்

அரியாலையில் ஒரு ரீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துப் பென்சன் எடுத்தவர். கண் பார்வை இல்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துக் கொம்பியூட்டரில் பதிந்து அனுப்புகிறார். அது அடிக்கடி இறுகி நின்று, வாசித்த பக்கங்களை விழுங்கிவிடுமாம். பிள்ளைகளின் சோதனைக்கு முன்னம் மூன்று புத்தகம் முடிக்கவேண்டும், நல்ல புரோசசராகப் போட்டுத் தரும் என்று கேட்டார்.

சோதித்துப் பார்த்தேன். புரோசசரில் ஒரு குறையும் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்கியது. என் மேசை லாச்சிக்குள் ஒரு புரோசசர் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு நிமிசம் கை அங்கே போகப் பார்த்தது. பிறகு, பதிவு கேட்கக் காத்திருக்கிற பிள்ளைகளை நினைத்தேன். "ரீச்சர், புரோசசர் வேண்டாம்" என்று சொல்லி, வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒன்றும் கொஞ்சம் கூடுதல் ராம் மெமரியும் போட்டுவிட்டேன். சோதனைக்கு முன்னமே மூன்று புத்தகமும் முடிந்துவிட்டன. ரீச்சர் போன் எடுத்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தால், முறைப்பாடு: "முந்தி அது திறபடுறதுக்குள்ளை ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடிப்பன், இப்ப எனக்குத் தேத்தண்ணியே இல்லை, தம்பி."

மூன்று ஊசி

இதைச் சொல்ல இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வடக்குக் கரையில் கடல் தொழிலுக்குப் போகிற ஒரு ஐயா. அவருடைய மகள் கட்டடக்கலை படிக்கிறாள். கடைசி வருசத்து வரைபடத்தைத் திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். வீட்டுக் கொம்பியூட்டரோ படத்தைத் திருப்பினாலே உறைந்துவிடும். அந்தச் சொக்கெற் ஏற்கக்கூடியதில் ஆகத் திறமான பாவித்த புரோசசர் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. ஐயா முன்னால் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, பூட்டப் போனேன். விரல் வழுக்கியது. புரோசசர் சொக்கெற்றின் மேல் விழுந்தது. சொக்கெற்றுக்குள் இருக்கிற, தலைமயிர் மாதிரி மெல்லிய ஊசிகளில் மூன்று வளைந்துபோயின. அந்த வயசு மதர்போட்டைத் திங்களுக்கு முன்னம் எங்கே தேடுவது?

"ஐயா, பிழை என்ரை கையிலை" என்றேன். அவர் எழும்பி வந்து குனிந்து பார்த்தார். "வலையிலை கண் அறுந்தால் வலையைக் குப்பையிலை எறியிறமே? உதை நிமித்தக்கூடிய கை ஆரிட்டை இருக்கு எண்டு யோசியும்."

மூன்று கடை தள்ளி நகைவேலை செய்கிற பத்தர் இருந்தார். மதர்போட்டைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு இரண்டு பேரும் போனோம். பத்தர் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி, தாலிக்கொடி திருத்துகிற சாவணத்தால் ஒவ்வொரு ஊசியாய் நிமிர்த்தினார். அரை மணித்தியாலம் நான் மூச்சே விடவில்லை. திரும்ப வந்து பூட்டி, சுவிச்சைப் போட்டேன். திரையில் வெளிச்சம் வந்தது. ஐயா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளை திங்கட்கிழமை படத்தைக் கொடுத்து, பிறகு பட்டப் படிப்பில் சித்தியும் அடைந்தாள். அந்தச் சேதியோடு ஐயா எனக்கும் பத்தருக்கும் விளைமீன் கொண்டுவந்தார். பத்தர் தன் பங்கை எண்ணிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "மூண்டு ஊசிக்கு மூண்டு மீன், அடுத்தமுறை இன்னும் ரெண்டு கூட வளைச்சுவிடும், தம்பி."

எந்தப் பழைய பெட்டிக்கும் பாவித்த புரோசசர் ஒன்று தேடிப் பிடித்துவிடலாம், ஆனால் திருத்துகிறவனைப் பொறுத்துக்கொள்கிற வாடிக்கையாளர் மட்டும் தானாக வந்து வாய்த்தால்தான் உண்டு.