பில்லூ தண்ணீர் குடித்த குழாய்

வீட்டில் எந்தச் சத்தத்தையும் எங்கள் அப்பா பொறுத்துக்கொள்வார், குழாய் சொட்டும் சத்தத்தை மட்டும் பொறுக்க மாட்டார். அவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் குடத்தோடு வரிசையில் நின்றே பாதி நாளைக் கழித்தவர். தில்லி ஜனக்புரியில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டுக்குக் காலையிலும் மாலையிலும் தண்ணீர் வந்தது. ஆனாலும் அவருடைய பழக்கம் மாறவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் பால்கனிக்கு. குழாயைக் கடந்து போகிற எவரும் அதை ஒருமுறை இறுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்துக் குழாய்களைக்கூட நான்தான் இறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

பில்லூவைக் கொண்டுவந்தது சித்தி. அம்மாவின் தங்கை. தில்லியில் வேலை கிடைத்து எங்களோடு தங்கியிருந்தாள். ஒரு மழை நாளில் மெட்ரோ நிலையத்துப் படியில் நடுங்கிக்கொண்டிருந்த பூனைக்குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள். பால்கனியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று அப்பா சொன்னார். குளிர் தொடங்கியபோது அது அவருடைய பேப்பரின் மேல் உட்கார்ந்திருந்தது. அது எழுந்து போகும்வரை மறுபக்கத்தைப் படிக்காமல் அவர் காத்திருந்தார். அதற்குள் அது நல்ல கடுவனாக வளர்ந்திருந்தது.

அடுத்த கோடையில் வாஷ்பேசின் குழாய் சொட்ட ஆரம்பித்தது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. அப்பா பல நாள் அதைக் கேட்டு முகம் சுளித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு ரப்பர் வாஷர் ஒன்றை வாங்கி வந்து தானே பிரித்து மாட்டினார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் குழாயருகே காதை வைக்கச் சொன்னார். "கேக்குதா?" என்றார். ஒன்றும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அவர் இரண்டு முறை எழுந்து போய் அந்த அமைதியைக் கேட்டுவிட்டு வந்தார்.

பில்லூ அதற்குப் பிறகு பேசினுக்குள்ளேயே படுத்துக்கிடந்தது. வெயிலுக்குப் பீங்கான் குளிர்ச்சியாக இருக்கிறது போலும் என்று நாங்கள் நினைத்தோம். சாப்பாட்டுத் தட்டை ஒட்டி அதற்கென்று ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருந்தது. பத்து நாள் போயிருக்கும். அது மண் தொட்டிக்குப் போவதும், குந்தி உட்கார்ந்து முனகுவதும், ஒன்றும் போகாமல் திரும்புவதுமாக இருப்பதை அம்மா பார்த்தாள். சித்தி லீவு போட்டாள். நானும் துண்டோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

மிருக டாக்டரம்மா அதன் பிடரித் தோலைக் கிள்ளி விட்டார். தோல் உடனே இறங்காமல் கூடாரம்போல நின்றது. உடம்பில் தண்ணீரே இல்லை, மூத்திரப் பாதையில் மணல் மாதிரி சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்காது என்றார். பூனைக்குத் தாகம் எடுப்பதே குறைவாம். அதிலும் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் பலவற்றுக்குப் பிடிக்காதாம். மீசை இடிக்கிற சின்னக் கிண்ணமும் ஆகாதாம். "பானீ ரக்னா காஃபீ நஹீ, பிலானா படேகா" என்றார். தண்ணீரை வைத்தால் போதாது, குடிக்கவும் வைக்க வேண்டும் என்று. அடைப்பு நீங்க டியூப் செருகி, சலைன் ஏற்றி, சாயங்காலம்தான் திருப்பிக் கொடுத்தார். ஆட்டோவில் வரும்போது அது என் மடியில் துணி மாதிரி கிடந்தது. வீடு வரும்வரை நான் அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து வீடெல்லாம் தண்ணீர். கூடத்தில் அகலமான வட்டில், கட்டிலடியில் ஒன்று, பால்கனிக் கதவோரம் ஒன்று. ஆபீசுக்குக் கிளம்பிய அப்பா ஒன்றை மிதித்து சாக்ஸை நனைத்துக்கொண்டார். வேறு சாக்ஸ் மாட்டிக்கொண்டு போனார். உப்புப் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரை அம்மா சோற்றோடு பிசைந்து வைத்தாள். அதை நக்கிக்கொண்டது. வட்டில்களை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி பேசினில் ஏறி, காய்ந்த குழாய் மூக்கை நக்கியது.

சாப்பிடும்போது சித்திதான் ஆரம்பித்தாள். "அத்தான், இது கிண்ணத்துல குடிச்சத நம்ம யாராவது பாத்துருக்கமா? இவ்ளோ நாளும் அந்தச் சொட்டுலதான் குடிச்சிருக்கு."

"அதுக்காகக் குழாயத் தெறந்தா போட முடியும்?" என்றார் அப்பா.

சித்தி விடவில்லை. காலையில் குழாயைச் சொட்டுகிற அளவுக்குத் தளர்த்தி வைத்துவிட்டுப் போனாள். அம்மா கடந்து போகும்போது கை தானாக இறுக்கிவிட்டது. நினைவு வந்ததும் அவளே தளர்த்தினாள். நான் வந்து இறுக்கினேன். நாள் முழுக்க இப்படியே நடந்தது. பில்லூ கழுத்தைச் சாய்த்து எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து நான் எழுந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஓடிப்போய் இறுக்கினேன், நிற்கவில்லை. கீழே யாரோ ஒரு மக்கை வைத்திருந்தார்கள். பில்லூ என் கையைத் தள்ளிக்கொண்டு ஏறி, கண்ணை மூடி, ஒவ்வொரு சொட்டாக நாக்கில் வாங்கிக் குடித்தது. அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். அப்பா பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். வாஷர் போய்விட்டதா என்று கேட்டேன். "ஆமா, மட்டமான சரக்கு" என்றார். அவருடைய பைஜாமா முட்டியில் ஈரமாக இருந்தது.

பில்லூ தேறிவிட்டது. மக்கில் சேர்கிற தண்ணீரை அப்பா சாயங்காலம் மணிபிளாண்டுக்கு ஊற்றினார். வீட்டுக்கு வந்தவர்கள் குழாய் சொட்டுகிறதே என்றால், தனக்கு இந்த வேலை சரியாக வராது என்று சிரித்தார். எனக்குத்தான் அது தாங்கவில்லை. சித்தியைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், ஹார்டுவேர் கடைக்காரரிடம் இருப்பதிலேயே நல்லதாகக் கேட்டு ஒரு வாஷர் வாங்கினேன். சித்தி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்லதாப் பாத்து வாங்கிருக்கியேட்டி" என்றார். சாமான் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்தார். அங்கே ஏற்கெனவே சிவப்பாக ஒரு வாஷர் கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. புதிதாக இன்னொன்று வாங்கியும் மாட்டத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"பெறகு மாட்டுறேன்" என்றார்.

அவர் மாட்டவே இல்லை. ஒரு தடவை தோற்றதிலேயே அப்பாவுக்கு மனம் விட்டுப்போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. இனி அந்தக் குழாயைப் பற்றி அவரிடம் பேசக் கூடாது என்று முடிவு செய்தேன். கல்லூரிக்குப் போகும்வரை, அவர் மனம் நோகாதபடி, அந்த முடிவைக் காப்பாற்றினேன்.